எல்லாப் பாட்டும் ஸி

மவுத் ஆர்கனுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. வயலினில் கம்பியை முறுக்கிக்கொள்ளலாம். கிட்டாரில் கிளிப் மாட்டிக்கொள்ளலாம். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மவுத் ஆர்கன் மட்டும் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பிறந்ததோ அந்தக் கட்டையில்தான் கடைசிவரை நிற்கும். அதன் தகட்டு மூலையில் ஒற்றை ஆங்கில எழுத்தாக அதைப் பொறித்தும் வைத்திருப்பார்கள். இதைக் கேட்டால் என் வீட்டுக்காரர், "ஆளுக்கு ஏத்த வாத்தியம்தான்" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவருடைய கீபோர்டு அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று நான் போன வருஷம்தான் கண்டுபிடித்தேன்.

என்னிடம் இருந்தது ஸி என்று பொறித்த பத்து ஓட்டை மவுத் ஆர்கன். பிளஸ் டூ படிக்கும்போது பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் போட்டிருந்த பொருட்காட்சியில் வாங்கியது. வளையல் வாங்கப் போனவள் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஊதினால், "பொம்பளப் புள்ள என்னத்தையோ வாயில வெச்சு ஊதிக்கிட்டுத் திரியறா" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். அதனால் எலப்புள்ளியில் எங்கள் தென்னந்தோப்பு மோட்டார் ரூமுக்குப் போய்விடுவேன். தண்ணீர் பாயும் நேரம் முழுக்க மோட்டார் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். நான் என்ன ஊதினாலும் வெளியே யாருக்கும் கேட்காது.

அங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். முதல் ஓட்டையில் ஊதி, அதை ஸ என்று வைத்துப் பாட்டைத் தொடங்கினால் மோட்டாரோடு ஒட்டவே ஒட்டாது. இரண்டாவது ஓட்டையில் ஊதாமல் மூச்சை உள்ளே இழுத்து, அதை ஸ என்று வைத்துக்கொண்டால் மோட்டாரும் நானும் ஒன்றாகிவிடுவோம். ஒரே ஒரு குறைதான். அந்த இடத்தில் அடுத்த ஸ்வரமான ரி இந்த வாத்தியத்தில் கிடையாது. செய்தவர்கள் அதை வைக்காமலே விட்டுவிட்டார்கள். தாடையைத் தாழ்த்தி, மூன்றாவது ஓட்டையில் மூச்சை அழுத்தி இழுத்தால் முனகிக்கொண்டு வரும். அதை ஒழுங்காக வரவழைக்க ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போயிற்று. மோட்டாரோடு கச்சேரி பண்ணுவதைத் தவிர வேறு எதற்கும் ஆகாத வித்தை என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணமாகி ஏலத் தோட்டத்து மலையில் இருக்கும் ஆனைக்கரைக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. வீட்டுக்காரர் பகலில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றி மலை காட்டுவார். சாயங்காலமானால் கீபோர்டு. ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்க எலப்புள்ளி வந்த இடத்தில்தான் என்னைப் பார்த்தார். அதற்கு எங்கள் வீட்டில் நடந்த கூத்தை எழுத ஆரம்பித்தால் மவுத் ஆர்கன் காணாமல் போய்விடும். நான் இங்கே ஏலக்காயும் மிளகும் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் பேசுவது தெற்கத்தித் தமிழ். என் 'ங்க'வைக் கேட்டால் இன்றைக்கும் யாராவது சிரிப்பார்கள். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் ஊர் வழக்கப்படி 'நங்கையா' என்று முதல்முதலாகக் கூப்பிட்டபோது ஜீப் ஸ்டாண்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியே கூப்பிடுத்தா, கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நங்கையாதான் எங்கள் செட்டின் பாடகி. செட் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கீபோர்டுக்கு என் வீட்டுக்காரர். ரிதம் பேடுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர். புல்லாங்குழலுக்கு ஒருவர். பாட நங்கையா. உடும்பஞ்சோலைப் பக்கம் உள்ள ஏலத் தோட்டங்களில் அம்மன் திருவிழா வந்தால் எங்கள் செட்டைக் கூப்பிடுவார்கள். நங்கையா பகலெல்லாம் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவர். உலர்ந்த காயை முறத்தில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளி ஒதுக்கிக்கொண்டே முணுமுணுவென்று பாடுவார். அவர் வேலை செய்யும் ஸ்டோரில் ரேடியோ வைப்பதில்லை, தேவைப்படவில்லை என்பார்கள். திருவிழாவில் அவர் பாடும் அம்மன் பாட்டோடுதான் கச்சேரி தொடங்கும். அந்தப் பாட்டின் நடுவில் ஒரே மூச்சில் மேலே ஏறி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அவர் அங்கே ஏறி நின்றால் தோட்டத்துப் பெண்கள் குலவை போடுவார்கள். வருஷா வருஷம் நடப்பது.

நங்கையாவுக்கு அந்தப் பாட்டில் ஒரு பெருமை உண்டு. சின்ன வயதிலிருந்து அதை 'ஒரு கட்டை' என்கிற சுருதியில்தான் பாடுகிறார். மற்ற செட்களில் பாடுகிறவர்கள் வயதாக ஆகக் கட்டையை இறக்கிக்கொண்டே வருவதைப் பார்த்து அவருக்கு இளக்காரம். "என்னைக்குக் கட்டைய எறக்கணும்னு வருதோ, அன்னைக்கு மைக்கக் குடுத்துட்டு வீட்டுல போய் உக்காந்துருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்கிறவர். ஒருமுறை, முன்பு வேலை பார்த்த ஸ்டோரில் சூப்பர்வைசர் ஏதோ சொன்னார் என்று, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தவர்.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் ஸி என்ற வெள்ளைக் கட்டையில் தொடங்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஸி ஒரு கட்டை, ஜி ஐந்து, ஏ ஆறு. ஒன்றிலிருந்து கீழே இறங்கினால் ஏழு, ஆறு, ஐந்து என்று பின்னால் போகும், ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி சனி, வெள்ளி வருகிற மாதிரி. அதனால் ஒன்றாம் கட்டைக்காரர் ஆறாம் கட்டைக்குப் போனால் ஏறிவிட்டார் என்று கைதட்டிவிடக் கூடாது. இறங்கியிருக்கவும் செய்யலாம்.

போன வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் புல்லாங்குழல்காரருக்கு விசா வந்துவிட்டது. அவர் பறந்துவிட்டார். அம்மன் பாட்டின் தொடக்கத்தில் குழல் வரும் இடத்தை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோது வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, அடுக்களையில ஊதுறேல, அத மேடையில ஊதேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வெளியே, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். பிறகு அதிக நேரம் யோசித்தால் வேறு யாரையாவது பிடித்துவிடப் போகிறாரே என்று உடனே சரி சொல்லிவிட்டேன்.

"பாட்டு என்ன கட்டைங்க?" என்று கேட்டேன்.

"ஸி" என்றார்.

என்னிடம் இருப்பதும் ஸி. தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டேன். குழல் வரும் இடத்தைப் போனில் இருந்த பழைய பதிவில் கேட்டுக் கேட்டு அடுக்களையில் பழகினேன். ஸ ரி க ப த, அவ்வளவுதான் பாட்டில். முதல் ஒத்திகையன்று தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

ஒத்திகை நடப்பது பேட் அடிப்பவரின் வீட்டு மாடியில். வீட்டுக்காரர் தொடங்கினார், நான் ஊதினேன். ஊதியதும் நால்வர் முகமும் சுளித்தது, என் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கீபோர்டு ஓர் ஊரிலும் நான் வேறோர் ஊரிலும் இருந்தோம். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அதே லட்சணம்.

பேட்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மதினி, அதுல என்னமோ எழுத்துப் போட்டிருப்பாங்கல்ல, என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஸிங்க. ஒரு கட்டை."

"நான் பாடுறதும் ஒரு கட்டைதான்" என்றார் நங்கையா. "அப்ப பீப்பிதான் கோளாறு. பழசாப் போச்சுல்ல, துருப் பிடிச்சிருக்கும்."

வீட்டுக்காரர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கீபோர்டை அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ரோஷம் வந்தால் சும்மா இருக்க முடியாது. எல்லாரும் டீ குடிக்கக் கீழே போனதும், போனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றை இறக்கினேன். மவுத் ஆர்கனை ஊதினேன். ஸி என்று பளிச்சென்று காட்டியது. துருவும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு கீபோர்டுக்குப் போய் ஸி கட்டையை அழுத்தினேன். போன் ஏ என்று காட்டியது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஏ. கீபோர்டின் சின்னத் திரையில் கழித்தல் குறியோடு ஓர் எண் நின்றிருந்தது. எனக்குப் பாதி புரிந்தது. டீ ஆறிவிட்டது என்று கீழேயிருந்து கூப்பிட்டார்கள். போய்க் குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஜீப்பில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"ஏனுங்க, ஸின்னு சொன்னீங்க. கீபோர்டு ஆறு கட்டையில நிக்குது."

"நான் விரல் வைக்கிறது ஸிதானே. மத்தத பொத்தான் பாத்துக்கும்."

அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இந்த மனுஷன் கீபோர்டைத் தானாகவே கற்றுக்கொண்டவர். ஸியில் வாசிக்க மட்டும்தான் விரலுக்குப் பழக்கம். பாட்டு எந்தக் கட்டையில் இருந்தாலும் பொத்தானை அழுத்தி மொத்தக் கீபோர்டையும் ஏற்றியோ இறக்கியோ வைத்துவிட்டு, விரல்களை அதே ஸியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கல்யாணக் கச்சேரிகளிலும் பலர் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாப் பாட்டும் ஸி. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். இதைத் தெரியாமல் நான் தெய்வச் செயல் என்று கும்பிட்டிருக்கிறேன்.

"அப்புறம் ஏனுங்க அத்தன பேரு முன்னால என்ற பீப்பி கோளாறுன்னு சொல்ல விட்டீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்.

"அக்காவுக்குத் தெரியாதுடி."

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நங்கையாவுக்கு அந்த மேல் இடம் எட்டாமல் போயிருக்கிறது. இவர் சத்தமில்லாமல் அரைக் கட்டை இறக்கினார். நங்கையா பாடிவிட்டு, "பாத்தியாடா, தொண்ட திரும்பிருச்சு" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு இவருக்கு வாய் வரவில்லை. பிறகு இன்னோர் அரை. அதற்குப் பிறகு இன்னோர் அரை. இப்போது ஆறு கட்டையில் நிற்கிறது. குழல்காரருக்கு மட்டும் தெரியும். அவர் பை நிறையக் குழல் வைத்திருந்தவர், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்து வாசித்துவிட்டுப் போய்விடுவார். குழலில் எழுத்து எதுவும் இருக்காது.

"அக்கா இன்னும் ஒரு கட்டைன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கு. தெரிஞ்சா மைக்கக் குடுத்துட்டுப் போயிரும். அது பாடாம எப்படி இருக்கும், நீயே சொல்லு."

முறத்தின் முன்னால் நங்கையா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை. வீட்டுக்காரர் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அவர்மேல் ரொம்ப ஆசையாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மீதி வழி வந்தேன். இறங்கும்போது, "ஆறு கட்டைக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க, ஊதறேன்" என்றேன்.

வாங்குவதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். மவுத் ஆர்கனின் கட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று போனில் ஆயிரம் பேர் பாடம் நடத்துகிறார்கள். பாட்டு எந்தக் கட்டையோ அதையே வாங்கு என்கிறார் ஒருவர். வேண்டாம், வேறு கட்டையில் வாங்கி மூச்சை இழுத்து வாசி என்கிறார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள், முதலில் பாடுகிறவரின் கட்டை என்ன என்று தெரிந்துகொள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற மாதிரிதான் இதுவும். அளவு ஜாக்கெட் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக வரும். பழைய அளவைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு மூச்சு முட்டுகிறது என்று தையல்காரியைத் திட்டிப் பயனில்லை. ஆனால் புது அளவைச் சொல்ல எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும். எனக்கே வராது.

ஏ போட்ட மவுத் ஆர்கன் கூரியரில் வந்தது. பளபளவென்று இருந்தது. மூலையில் அந்த எழுத்தும் பளபளவென்று இருந்தது. முன்பானால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பேட்காரர் புண்ணியத்தில் இப்போது நங்கையாவுக்கும் தெரியும், எழுத்துதான் கட்டை என்று. சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த என் ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரியதாக ஒரு மெரூன் பொட்டை எடுத்து எழுத்தின் மேல் ஒட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

அடுத்த ஒத்திகையில் நங்கையா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குத்தா பொட்டு?"

"புதுசுங்க நங்கையா. கண்ணு பட்டுறக் கூடாதுன்னுங்க."

"எழுத்து என்ன?"

"அதே ஸிதானுங்க. இது நல்ல கம்பெனி, அதான் சுருதி கரெக்டா நிக்கும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "சரி, ஊது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஊதியதை நான் மறக்க மாட்டேன். கீபோர்டும் நானும் ஒட்டிப் போனோம். எங்கே நான் முடித்தேன், எங்கே நங்கையா தொடங்கினார் என்று பிரிக்க முடியவில்லை. பேட்காரர் அடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஒரு செட்டோடு சேர்ந்து வாசிப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மோட்டார் ஒருநாளும் தலையை ஆட்டியதில்லை. அன்று ராத்திரி சோறு போடும்போதுகூட நான் சிரித்துக்கொண்டே இருந்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார்.

திருவிழாவுக்கு முதல் நாள் ஒத்திகையில்தான் வினை வந்தது. பனி இறங்கிக் குளிர் அதிகமாக இருந்தது. மேலே ஏறும் இடத்தில் நங்கையாவின் குரல் பாதியில் உடைந்தது. இருமிவிட்டு மறுபடி பாடினார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. "பனி" என்று சொல்லிவிட்டு, சுடுதண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கீபோர்டு பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார். "நாளைக்கு இன்னும் ஒரு அரைக் கட்டை எறக்கிரவா?"

"எறக்குனா நான் எதுல ஊதறதுங்க? அரைக் கட்டைக்கு எங்கிட்ட வாத்தியம் இல்லீங்க."

"நீ நாளைக்கு ஊதாம இருந்துக்க."

"நல்ல சேலையோட மேடையில வந்து சும்மா நின்னா நங்கையா ஏன்னு கேக்க மாட்டாங்களா? அப்ப என்ன சொல்லுவீங்க?"

முன்பு அவர் ஒருவர் மட்டும் பொத்தானை அழுத்திச் சமாளித்துக்கொண்டிருந்தார். இப்போது நான் தகரத்தில் அடித்த எழுத்தோடு நடுவில் வந்து நிற்கிறேன். அவருடைய பொய் கீழே இறங்க வழி இல்லாமல் ஆறு கட்டையில் மாட்டிக்கொண்டது. இறக்காவிட்டால் நங்கையா ஊர் முன்னால் உடைந்து போவார். அதற்குப் பிறகு அவரை மைக் முன்னால் யாராலும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிச் சண்டை போட்டோம். தீர்வு எதுவும் வரவில்லை. தோசை மட்டும் தீய்ந்தது.

மறுநாள் சாயங்காலம் உடும்பஞ்சோலைக்குப் போனோம். கோயிலுக்குப் பக்கத்தில் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, மேலே பலகை போட்டு மேடையாக்கியிருந்தார்கள். வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த பெண்கள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பனி அன்றைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. என் பையில் இரண்டு மவுத் ஆர்கனும் இருந்தன. பேட்காரர் நடுவில் எழுந்து ஒரே ஒரு பாட்டுப் பாடுவார். அவர் பாட்டு மட்டும் உண்மையிலேயே ஸி. அதற்காகப் பழையதையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

பூசை மணி அடித்தது. தொடங்கலாம் என்று கை காட்டினார்கள். வீட்டுக்காரர் கீபோர்டைத் தட்டிச் சரிபார்த்தார். இன்னும் ஆறு கட்டையில்தான் வைத்திருந்தார். நான் பொட்டு ஒட்டிய மவுத் ஆர்கனை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். நங்கையா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"அத இங்க குடுத்தா."

கொடுத்தேன். அவர் நகத்தால் பொட்டை உரித்தார். உள்ளே இருந்த எழுத்தைப் பார்த்தார். அதிர்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்த பொட்டை, என் நெற்றியில் ஏற்கெனவே இருந்த பொட்டுக்கு மேலேயே வைத்து அழுத்தினார்.

"ஆறா" என்று கேட்டார் தம்பியிடம்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாக்கா."

"நானும் ஆறுன்னுதான் நெனச்சேன். தொண்ட என்னோடதுடா. நீ பொத்தான அழுத்துறது எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஒனக்கு அதுல ஒரு திருப்தி, நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப ரெண்டு பேரும் சேந்துக்கிட்டுப் பொட்டு வரைக்கும் வந்துட்டீக. இதுக்கு மேல நான் தெரியாத மாதிரி நடிச்சா எனக்கே சிரிப்பு வந்துரும்."

"அக்கா..."

"இன்னும் ஒரு கட்டை முழுசா எறக்கு. அஞ்சுல பாடுறேன். பனியா இருக்கு, எனக்கு வயசும் ஆச்சு."

வீட்டுக்காரர் பொத்தானில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, இவகிட்ட அதுக்கு வாத்தியம் இல்ல."

நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறுக்குக் கீழே ஐந்து. ஐந்து என்றால் ஜி. என் பழைய ஸியில் இரண்டாவது ஓட்டையில் மூச்சை இழுத்தால் வருவது ஜி. எனக்கு ஒரு நொடியில் தோப்பு மோட்டார் இரைவது காதுக்குள் கேட்டது.

"இருக்குதுங்க" என்றேன். "நீங்க எறக்குங்க."

புதியதைப் பைக்குள் போட்டுவிட்டுப் பழையதை எடுத்தேன்.

பேட்காரர் கண்ணை விரித்தார். "மதினி, அது அந்தத் துருப் பிடிச்ச பீப்பில்ல?"

"நீங்க பேசாம அடிங்க" என்றேன்.

கீபோர்டு தொடங்கியது. இரண்டாவது ஓட்டையில் உதட்டை வைத்து மூச்சை இழுத்தேன். ஸ கீபோர்டின் மேல் போய் உட்கார்ந்தது. ரி வரும் இடத்தில் தாடையைத் தாழ்த்தி இழுத்தேன். முனகிக்கொண்டு வந்தது. மைக்கில் அந்த முனகல் அழுகிற மாதிரியும் கேட்டது, சிரிக்கிற மாதிரியும் கேட்டது. நங்கையா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். புதிய மவுத் ஆர்கனில் நான் நேர்நேராக ஊதியபோது அவர் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அவர் பாடினார். ஐந்து கட்டையில் அந்தப் பாட்டு வேறு ஆளாக இருந்தது. முன்பு நல்ல கூர்மையாக இருக்கும். இப்போது கனமாக, நெருங்கி உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. மேலே ஏறும் இடம் வந்தது. வீட்டுக்காரர் கீபோர்டைப் பார்க்காமல் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நங்கையா ஒரே மூச்சில் ஏறினார். ஏறி, அங்கே நின்றார். உடையவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பாயில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊத வேண்டிய இடம் இல்லாததால் தாராளமாக அழ முடிந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்த நிகழ்ச்சியைச் சொல்வதற்காக விழாக் கமிட்டிக்காரர் மேடையில் ஏறி மைக்குக்குக் கை நீட்டினார். வீட்டுக்காரரின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன. கட்டையை இறக்கிய அன்றைக்கு மைக்கைக் கொடுத்துவிடுவேன் என்று நங்கையா சொல்லியிருந்தது எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நங்கையா அந்தக் கையைப் பார்த்தார். மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இருங்கண்ணே, இன்னும் பாடுறேன்" என்றவர், மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, ஊர் முழுக்கக் கேட்க, "தம்பி, அடுத்ததையும் அஞ்சு கட்டையிலயே போடு" என்றார்.

வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். நான் சேலை முந்தானையில் பழைய மவுத் ஆர்கனைத் துடைத்து மறுபடியும் வாயில் வைத்தேன்.